அரசர் மறைந்தபின் எஞ்சுவது எது?

நெடுங்காலம் நாடாண்ட ஓர் அரசர் மறையும்போது மக்கள் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதல் கேள்வி வெளிப்படையானது: அடுத்து அரியணையில் அமரப்போகிறவர் யார்? இரண்டாவது கேள்வியை எவரும் உரக்கக் கேட்பதில்லை: இத்தனை ஆண்டுகள் நம்மைத் தாங்கி நின்றது அந்த மனிதரா, அவர் அமர்ந்திருந்த பீடமா, அல்லது அந்தப் பீடத்தையும் தாங்கிய வேறொன்றா?

முதல் கேள்விக்குச் சட்டமோ மரபோ ஒரே நாளில் விடை தந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். மன்னராட்சி நம் நாட்டில் முடிந்துவிட்டது. ஆயினும் இந்தக் கேள்வி முடியவில்லை. ஒரு குடும்பத்தின் மூத்தவர், ஒரு நிறுவனத்தின் நிறுவனர், ஓர் ஆலயத்தைக் காலமெல்லாம் பேணிய தர்மகர்த்தா என்று எவர் மறைந்தாலும் இதே கேள்வி அந்த வாசலில் வந்து நிற்கிறது. ஆகவே அரசர்களின் கதையைச் சற்று ஆராய்வது நமக்கும் பயன்தரும்.

அயோத்தியில் அந்த இரவு

தசரதச் சக்கரவர்த்தி அறுபதினாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று காவியம் பேசுகிறது. அதாவது, அவருக்கு முந்தைய அரசரை நினைவில் வைத்திருக்கும் ஒருவர்கூட அந்த நாட்டில் இல்லை. அத்தகையவர் ஓர் இரவில், அருகில் புதல்வர் எவருமின்றி, மகனைப் பிரிந்த துயரத்தில் உயிர் நீத்தார். வான்மீகி முனிவர் அதன்பின் நடந்ததை நுணுக்கமாகக் கூறுகிறார். ஈமக்கடன் செய்ய மகன் இல்லாததால் அமைச்சர்கள் உடலை எண்ணெய் நிறைந்த தொட்டியில் வைத்துக் காத்தனர். பொழுது விடிந்ததும் முனிவர்கள் சபையில் கூடி, அரசனில்லாத நாட்டின் கேடுகளை வசிஷ்டரிடம் வரிசையாக எடுத்துரைத்தனர். அங்கே உழவும் வாணிபமும் நிலைகுலையும். எளியவனுக்குத் தன் பொருள் தன்னுடையது என்ற உறுதி இராது. வலியவன் எளியவனை விழுங்குவான் என்பது அவர்கள் கவலை.

இந்த நிலை எப்படி நேர்ந்தது? தசரதர் முன்யோசனை இல்லாதவர் அல்லர். முதுமை வந்ததை உணர்ந்து இராமனுக்கு முடிசூட்ட அவரே முனைந்தார். ஆயினும் இரண்டு குறைகள் இருந்தன. என்றோ கைகேயிக்கு அளித்த இரண்டு வரங்கள் தீர்க்கப்படாத கடனாகக் கிடந்தன. மேலும், பரதன் ஊரில் இல்லாத வேளையிலேயே விழாவை முடித்துவிட வேண்டுமென்று அவர் விரைந்தார். ஆட்சி கைமாறும் நாள் ஒருவகையில் கணக்குத் தீர்க்கும் நாள். வாழ்நாளெல்லாம் ஒத்திப்போட்ட வாக்குறுதிகளும், எல்லோரையும் அமர்த்திப் பேசாமல் விட்ட பேச்சுகளும் அன்றைக்கு வந்து வாசலில் நிற்கின்றன. நல்லரசரான தசரதருக்கே அது நேர்ந்தது.

அந்த இடரிலிருந்து நாட்டைக் காத்தவன் பரதன். தன்னைத் தேடி வந்த அரசை அவன் தனதென்று கொள்ளவில்லை. அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்திக்கிராமத்தில் தவக்கோலத்தில் இருந்து பதினான்கு ஆண்டுகள் நாட்டை நடத்தினான். அரியணையில் மனிதர் இல்லை; ஆனால் அரசு இருந்தது.

அரசரின் இரண்டு உடல்கள்

இங்கிலாந்தின் சட்ட அறிஞர்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு கருத்தை வகுத்தனர். அரசருக்கு இரண்டு உடல்கள் உண்டு. ஒன்று பிறந்து, மூத்து, இறக்கும் இயற்கையான உடல். மற்றொன்று அரசு என்னும் உடல், அதற்கு நோயோ முதுமையோ மரணமோ இல்லை. முதலாவது விழும் கணத்திலேயே இரண்டாவது அடுத்தவரைச் சேர்ந்துவிடுகிறது. இடையில் ஒரு நொடிகூட அரியணை வெறுமையாக இருப்பதில்லை. தேகம் அழியினும் தேகி அழிவதில்லை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சிந்தனை அந்நியமாகத் தோன்றாது.

2022 செப்டம்பர் 8-ஆம் நாள் இரண்டாம் எலிசபெத் அரசியார் தமது 96-ஆம் வயதில் மறைந்தபோது உலகமே இதைக் கண்ணாரக் கண்டது. 1952 பிப்ரவரி 6 முதல் 70 ஆண்டுகளுக்கு மேல் அவர் அரசியாக இருந்தார். அவர் மறைந்த கணமே 73 வயது மூத்த மகன் சார்லஸ் அரசரானார். செப்டம்பர் 19-ஆம் நாள் விண்ட்சர் ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், சவப்பெட்டியின் மேலிருந்த மணிமுடியையும் செங்கோலையும் உருண்டையையும் எடுத்துப் பீடத்தின்மீது வைத்தனர். அரண்மனையின் தலைமை அதிகாரி தம் பதவிக்குரிய கோலை முறித்துப் பெட்டியின்மேல் வைத்தார். எழுபது ஆண்டுகள் அவரோடு இணைத்தே எண்ணப்பட்ட சின்னங்களைக் களைந்தபின், எல்லா மனிதரையும்போல அவர் மண்ணுக்குள் இறங்கினார். வைராக்கியம் பற்றிய ஒரு பிரசங்கமாகவே அந்தக் காட்சி அமைந்தது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். சட்டம் மணிமுடியை மாற்றித் தரலாம். மதிப்பை மாற்றித் தர அதனால் இயலாது. தாய்லாந்தில் பூமிபோல் அரசர் 1946 முதல் 2016 அக்டோபர் 13 வரை 70 ஆண்டுகள் ஆண்டார். அந்நாட்டின் பழைய தலைநகர் அயுத்தயா. அயோத்தியின் பெயரைத் தாங்கிய நகரம். அரசர்களும் இராமன் என்ற பெயரை வரிசை எண்ணோடு ஏற்கிறார்கள். பூமிபோல் ஒன்பதாம் இராமர். அவர் மறைந்ததும் பட்டத்து இளவரசர், மக்களோடு சேர்ந்து துக்கம் அனுசரிக்கக் கால அவகாசம் கேட்டார். இடைக்காலத்தில் முதிய அரசியல் பெரியவர் ஒருவர் அரசப் பிரதிநிதியாக இருந்தார். டிசம்பர் 1-ஆம் நாள் இளவரசர் அரச பதவியை ஏற்றார். முறைப்படி எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆயினும் நான்கே ஆண்டுகளில், 2020-இல், இளைஞர்கள் தெருவில் திரண்டு அரச நிறுவனத்தைச் சீர்திருத்த வேண்டுமென்று வெளிப்படையாகக் கோரினர். முன்பு நினைத்தும் பார்க்க முடியாத செயல் அது. தந்தைக்கு மக்கள் தந்த மரியாதை, அவரது எழுபது ஆண்டு வாழ்வில் நாள்தோறும் சேர்ந்தது. அத்தகைய சேமிப்பு வாரிசுரிமையாக வருவதில்லை. ஒவ்வொருவரும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீண்ட ஆட்சியின் நிழல்

நீண்ட ஆட்சி நிலையான ஆட்சி என்று நாம் எண்ணுகிறோம். மொகலாய வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஔரங்கசீப் 1658 முதல் 1707 வரை 49 ஆண்டுகள் அரசாண்டார். தந்தை ஷாஜஹானைச் சிறைவைத்து, உடன்பிறந்தாரோடு போரிட்டு அரியணை ஏறியவர் அவர். தாம் வந்த வழியில் பிறரும் வரக்கூடும் என்ற அச்சம் அவரை இறுதிவரை விடவில்லை. மகன் முவாஸமை 1687-இல் சிறையிலிட்டார்; பல ஆண்டுகள் கழித்தே விடுவித்தார். மற்றொரு மகன் அக்பர் 1681-இல் கலகம் செய்து, பின்னர் பாரசீகத்துக்கு ஓடினார். புதல்வர்களை நம்பிப் பொறுப்பளித்துப் பழக்கும் வழி அடைபட்டுப் போயிற்று.

1707 மார்ச் மாதம் அகமத்நகரில் தமது 88-ஆம் வயதில் அவர் மறைந்தார். மூன்றே மாதங்களில் ஜாஜவ் போர்க்களத்தில் அண்ணன் தம்பியர் மோதினர்; ஆஸம் மாண்டார். 1709-இல் மற்றொரு சகோதரர் காம்பக்ஷும் மாண்டார். வென்ற முவாஸம், பகதூர் ஷா என்ற பெயரில் முடிசூடியபோது அவருக்கு வயது 63. ஐந்து ஆண்டுகளில் அவரும் மறைந்தார். 1719 என்ற ஒரே ஆண்டில் டெல்லி அரியணையில் நால்வரைக் காண்கிறோம். 1739-இல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியபோது, ஔரங்கசீப் மறைந்து 32 ஆண்டுகளே கடந்திருந்தன. இச்சரிவுக்கு நிதி நெருக்கடி, ஓயாத தக்காணப் போர், பிரபுக்களின் பூசல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒருவரையே சுற்றி இறுகியிருந்த ஆட்சி அவரோடு தளர்ந்ததும் அவற்றுள் ஒன்று.

அதே காலத்தில், அவரை எதிர்த்து நின்ற மராட்டிய அரசைப் பாருங்கள். சத்ரபதி சிவாஜி 1674-இல் ராய்கட்டில் முடிசூடி, 1680-இலேயே மறைந்துவிட்டார். அங்கும் வாரிசுப் பூசல் எழாமல் இல்லை. அவருக்குப்பின் வந்த சம்பாஜி 1689-இல் மொகலாயரிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். தலைநகர் ராய்கட்டும் வீழ்ந்தது. இளையவர் ராஜாராம் தமிழகத்துச் செஞ்சிக் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து அரசை நடத்தினார். செஞ்சி 1698-இல் வீழ்ந்தது. 1700-இல் ராஜாராமும் மறைந்தார். அதன் பின்னரும் அவர் மனைவி தாராபாய் போராட்டத்தைத் தொடர்ந்தார். அரசர், தலைநகர், கோட்டை என்று ஒவ்வொன்றாக இழந்த பின்னரும் அந்த அரசு அழியவில்லை. சுயராஜ்யம் என்னும் எண்ணம் அதற்குள் பல நூறு தலைவர்களின் நெஞ்சில் வேரூன்றியிருந்தது. முடிசூடி ஆறே ஆண்டுகள் ஆண்டவர் விட்டுச்சென்ற எண்ணம், 49 ஆண்டுகள் ஆண்டவரின் பேரரசைவிட உறுதியாக நின்றது.

சோழர் கண்ட வழி

நம் சோழ மன்னர்கள் இந்தச் சிக்கலை அறிந்து ஒரு வழி வகுத்திருந்தனர். அரசர் வலிமையோடு இருக்கும்போதே வாரிசுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, ஆட்சியில் பங்கு தந்தனர். 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராஜராஜர், 1012-இல் மகன் இராஜேந்திரரைத் தம்முடன் ஆட்சியில் அமர்த்தினார். இராஜேந்திரரின் ஆட்சியாண்டுகள் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகின்றன; 1014-இல் தந்தை மறைந்தபோது மகன் அரச பொறுப்புக்குப் புதியவர் அல்லர். இராஜேந்திரரும் 1018-இலேயே தம் மகன் இராஜாதிராஜருக்கு அந்த நிலையைத் தந்தார்.

இதன் பயன் 1054-இல் கொப்பம் போர்க்களத்தில் விளங்கியது. யானைமீதிருந்து பொருத இராஜாதிராஜர் அங்கேயே உயிர் துறந்தார்; யானைமேல் துஞ்சிய தேவர் என்று கல்வெட்டுகள் அவரைப் போற்றுகின்றன. அரசர் வீழ்ந்தால் படை சிதறுவதே போரின் இயல்பு. ஆனால் உடனிருந்த தம்பி இரண்டாம் இராஜேந்திரர் படையை நிலைநிறுத்தி வென்று, களத்திலேயே முடிசூடினார்.

எந்த ஏற்பாடும் முழுக் காப்பு ஆகிவிடாது. 1070-இல் அதிராஜேந்திரர் பட்டமேறிய சிறிது காலத்திலேயே மறைய, சோழ நாட்டில் குழப்பம் சூழ்ந்தது. பெண்வழிச் சோழரான முதலாம் குலோத்துங்கர் அரியணை ஏறி நிலைமையைச் சீராக்க வேண்டியிருந்தது. ஏற்பாட்டைக் காக்க நல்ல மனிதரும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

வாளைத் திருவடியில் வைத்தவர்

இந்தச் சிந்தனையின் மிக ஆழமான வடிவத்தைத் திருவிதாங்கூரில் காண்கிறோம். 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர், பல போர்களால் சிறுநாட்டைப் பெருநாடாக்கினார். 1750 ஜனவரியில், வெற்றியின் உச்சியில், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி சந்நிதியில் நாடு முழுவதையும் இறைவனுக்கு எழுதிவைத்தார். திருப்படித்தானம் என்பது அச்செயலின் பெயர். வாளைத் திருவடியில் வைத்து, அதை மீண்டும் ஊழியனாக எடுத்துக்கொண்டார். அன்று முதல் அந்நாட்டு மன்னர்கள் பத்மநாபதாசர் என்ற பெயரையே பெருமையாகத் தாங்கினர்.

இது அரசியல் நுட்பம் என்று சொல்வோரும் உண்டு. இறைவனின் நாட்டை எதிர்ப்பது பாவமாகும் என்பதால் அரியணைக்கு அது அரணாயிற்று என்பார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதே செயல் அரசரையும் கட்டியது. உரிமையாளர் தம் பொருளை விரும்பியபடி செய்யலாம். ஊழியர் கணக்குச் சொல்ல வேண்டும். மேலும், உண்மையான அரசர் மரணமற்றவர் என்று ஆகிவிட்டபோது, 1758-இல் மார்த்தாண்ட வர்மர் மறைந்ததும் ஓர் ஊழியரின் இடத்துக்கு மற்றோர் ஊழியர் வந்தார் என்பதே பொருள். அடுத்து வந்த தர்மராஜா கார்த்திகைத் திருநாள் 40 ஆண்டுகள், 1798 வரை, ஆண்டார்.

இந்த வரிசையில் ஆட்சி செய்த கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மர். 1924-இல் சிறுவராகப் பட்டத்துக்கு வந்து, 1931-இல் முழுப் பொறுப்பேற்றார். 1936 நவம்பர் 12-ஆம் நாள், அரசின் ஆளுகையிலிருந்த ஆலயங்களின் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தை வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே சென்று இறைவனைக் கண்டனர். 1949-இல் அரசு இந்திய ஒன்றியத்தின் அமைப்புக்குள் கரைந்தது. 1956-இல் அந்நாட்டின் தென்பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1971-இல் அரசியல் சட்டத் திருத்தம் முன்னாள் மன்னர்களின் பட்டங்களையும் மானியத்தையும் நீக்கியது. ஆட்சி போயிற்று, பட்டமும் போயிற்று. பத்மநாபசுவாமி கோயிலின் ஊழியம் மட்டும் அவரிடம் எஞ்சியது. 1991 ஜூலையில் மறையும்வரை அதை அவர் செய்தார்.

அவர் மறைந்தபின் எழுந்த வழக்கு, நம் தலைப்புக் கேள்வியையே நீதிமன்றத்தில் எழுப்பியது. ஆட்சியாளர் என்ற நிலையே ஒழிந்தபின், கோயிலைப் பேணும் உரிமை அவருடைய வாரிசுக்கு எப்படி வரும்? வராது என்று கேரள உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இறைவனுக்கு ஊழியம் செய்யும் அந்தப் பொறுப்பு அரச பதவியோடு முடிந்துவிடவில்லை; மன்னரின் மரணத்தாலும் அழியவில்லை; மரபுப்படி அது குடும்பத்தில் தொடர்கிறது என்று கூறி, நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவின் பொறுப்பில் வைத்தது. ஆளும் உரிமையைக் காலம் எடுத்துக்கொண்டது. அடிமை செய்யும் உரிமையைக் காலமும் சட்டமும் விட்டுவைத்தன. மார்த்தாண்ட வர்மர் இறைவனிடம் கொடுத்ததில் எது எஞ்சும் என்பதை 270 ஆண்டுகளுக்குப்பின் இந்தத் தீர்ப்பு சொல்லிற்று.

டிராம்பே தரும் பாடம்

முடியில்லாத அரசுகளும் உண்டு. மும்பையின் கிழக்கே, முன்பு தனித் தீவாக இருந்த டிராம்பேயில் 1954-இல் அணு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதை எண்ணி, வகுத்து, எழுப்பியவர் ஹோமி பாபா. 1948 முதல் அணுசக்திக் குழுவின் தலைவராக 18 ஆண்டுகள் அத்துறையின் ஒவ்வோர் அசைவிலும் அவர் இருந்தார். 1966 ஜனவரி 24-ஆம் நாள், அவர் சென்ற விமானம் ஐரோப்பாவில் மோன் பிளான் மலையில் மோதியது. அவருக்கு வயது 56.

அந்த நிலையம் அவரோடு நின்றுவிடும் என்று அஞ்சியோர் இருந்திருப்பார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற விக்ரம் சாராபாயும் 1971 டிசம்பர் 30-ஆம் நாள் கோவளத்தில் திடீரென மறைந்தார். ஆறு ஆண்டுகளுக்குள் இரண்டு தலைவர்கள்! ஆயினும் பணி நிற்கவில்லை. ஏன்? 1957-லேயே பாபா டிராம்பேயில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஆண்டுதோறும் இளம் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அதிலிருந்து வெளிவந்தனர். தமக்குப்பின் யார் என்ற கேள்விக்கு அவர் ஒரு பெயரை எழுதி வைக்கவில்லை. ஒரு தலைமுறையையே பழக்கி வைத்திருந்தார். 1967-இல் அந்நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

நமக்கான பொருள்

டிராம்பே, செம்பூர், தாராவி என்று மும்பையில் எங்கெல்லாம் தமிழர் வாழ்கிறார்களோ, அங்கெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு அரசு உண்டு. முதலில் ஊரைவிட்டு வந்து, வேலை தேடி, ஓர் இடம் பிடித்து, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் நிழல் தந்த மூத்தவர் அதன் அரசர். பெட்டிச் சாவி அவரிடம். ஊர் நிலத்தின் பத்திரம் எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். யாருக்கு என்ன தர வேண்டும் என்பதும் அவர் நினைவில்தான் இருக்கிறது. அவர் மறைந்தபின் உடன்பிறந்தோர் பேச்சு வார்த்தையின்றிப் பிரிந்த வீடுகளை நாம் அறிவோம். அவர்கள் தீயவர்கள் அல்லர். தீர்க்கப்படாத கணக்கும் பேசப்படாத எண்ணமும் அவர்களைப் பிரித்தன.

உயிரோடிருக்கும்போதே வாரிசைப் பற்றிப் பேசுவது அமங்கலம் அல்லவா என்று சிலர் தயங்குவர். பெரியவர் மனம் புண்படுமே என்ற அன்பே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் பேச்சைப் பிள்ளைகள் தொடங்கினால்தான் அது புண்படுத்தும். மூத்தவரே தொடங்கினால் அது ஆசீர்வாதம். இராஜராஜர் மகனை அருகில் அமர்த்தியதால் அவர் பெருமை குறையவில்லை. தம் இடத்தில் மற்றொருவரை வைத்துப் பார்க்க முடியாத மனம், இடத்தையே தானென்று எண்ணிவிட்ட மனம். அந்த மயக்கம் நீங்குவதுதான் வானப்பிரஸ்தத்தின் உட்பொருள். காட்டுக்குச் செல்வது அதன் வெளி வடிவம் மட்டுமே.

ஆகவே, ஏதேனும் ஒரு பொறுப்பை நெடுங்காலம் வகிப்பவர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். வாக்குகளையும் கடன்களையும் தம் காலத்திலேயே தீர்ப்பது முதலாவது. எல்லோரையும் உட்கார வைத்து, எவரும் ஊரில் இல்லாத நேரம் பார்க்காமல், தம் எண்ணத்தைச் சொல்வது இரண்டாவது. இளையவர்களிடம் சிறிது சிறிதாகப் பொறுப்பைத் தந்து, அவர்கள் தவறினாலும் பொறுத்து, அருகிலிருந்து பழக்குவது மூன்றாவது. இவை மூன்றும் எளிதாவது, தாம் உரிமையாளர் அல்லர், ஊழியர் என்று உணரும்போதுதான்.

பின்னால் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. துக்கம் இயல்பானது, அதை மறைக்க வேண்டியதில்லை. பரதனும் கதறி அழுதான். ஆனால் அழுதபின், தந்தை இருந்த இடத்தைத் தனதாக்கிக்கொள்ள விரையவில்லை. அந்த இடத்தின் வேலையைச் செய்தான். மறைந்தவரின் நாற்காலியைக் கேட்பதற்கு முன், அவர் நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து என்ன செய்துவந்தார் என்று கேட்போம். அந்தப் பணியில் ஒன்றை நம் கையில் எடுத்துக்கொள்வோம். அவருக்குச் செய்யும் மெய்யான நீர்க்கடன் அதுவே.